விவிலியத்தில் மாறுகொளக் கூறல்

நன்னூலார் கூறிய நூற்குற்றம் பத்தனுள் மாறுகொளக் கூறலும் ஒன்று. இறைவன் திருமுன்னை அணுகுதல் பற்றிய பகுதிகளில் விவிலியம் இக்குற்றம் உடைத்தென நம்மவருட் சிலர் மூன்று தடை நிகழ்த்துவர். இளமையில் யானும் அவ்வாறு வாதித்தவனே. அக்காலத்து யான் கற்றவை வசனங்கள், அதிகாரங்களல்ல. ஆதலின் அவற்றை ஈண்டு மீள ஆராய்வாம்.

முதலாவது: யாத்திராகமம் 33ஆம் அதிகாரத்து 11ஆம் வசனம், கர்த்தர் மோசேயுடன் நண்பர்போல முகமுகமாய் உரையாடினாரென்கின்றது. 20ஆம் வசனமோ, அவர் முகங்கண்ட மனிதன் உயிர்வாழானென்கின்றது. இஃது என்னை? வெவ்வேறு வழக்குகள் ஒருநூலாகத் தொகுக்கப்பட்டமையே காரணமென மேனாட்டு ஆராய்ச்சியாளர் பலர் கூறுவர். அற்றாயினும், தொகுத்தோர் இரண்டனையும் அருகருகே வைத்தது ஏன் என்னும் வினா எஞ்சும். அதற்கு விடை உபாகமத்தில் உளது. மலையில் கர்த்தர் மக்களோடு முகமுகமாய்ப் பேசினாரென அதன் 5ஆம் அதிகாரங் கூறும். அம்மக்கள் குரல் கேட்டதன்றி உருவங் கண்டிலரென 4ஆம் அதிகாரங் கூறும். ஆகவே முகமுகமாய் என்பது உருவங் காண்டலை வேண்டாது, நேர்நின்று பேசுதலைக் குறிக்கும் வழக்கென்க. எபிரெய மொழியில் முகமென்னுஞ் சொல் திருமுன் என்னும் பொருளும் தரும். தடை நில்லாது.

இரண்டாவது: சீனாய் மலையைத் தொட்டவன் சாவானென்பது யாத்திராகமம் 19ஆம் அதிகாரம். பிரதான ஆசாரியனும் ஆண்டில் ஒருநாளே திரைக்குள் புகலாமென்பது லேவியராகமம் 16ஆம் அதிகாரம். எபிரெயர் நிருபம் 4ஆம் அதிகாரமோ துணிவுடன் அணுகுகவென்கின்றது. அந்நிருபமே 9ஆம் அதிகாரத்தில் முன்னைத் தடையை எடுத்தோதி, 10ஆம் அதிகாரத்தில் இயேசுவின் குருதியால் வழி திறந்ததென்கின்றது. முந்தைய விதியும் பிந்தைய விதியும் காலத்தால் வேறாதலின் இதுவும் மாறுகோளன்று.

மூன்றாவது: யாத்திராகமம் 24ஆம் அதிகாரம், மோசேயும் ஆரோனும் மூப்பர் எழுபதின்மரும் இஸ்ரவேலின் தேவனைக் கண்டனரென்கின்றது. யோவான் சுவிசேஷம் 1ஆம் அதிகாரமோ தேவனை ஒருவரும் ஒருகாலும் கண்டிலரென்கின்றது. பண்டைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் முன்னதனைத் தேவன் நின்ற இடத்தைக் கண்டனரெனத் திரித்தமை, தேவனைக் காண்டலென்பதன் இடர்ப்பாட்டை அவரும் உணர்ந்தமை காட்டும். கண்டது முழுக்காட்சியன்றெனக் கிறித்தவ உரைகாரர் அமைதி கூறுவர். பாதத்தின்கீழ் உள்ளதே ஆண்டு வருணிக்கப்படுதலின் அவ்வமைதிக்குச் சிறிது சார்புண்டு. எனினும் அஃது உரையாற் பெறப்படுவது, மூலச்சொல்லன்று. இத்தடை நிற்கும்.

ஆகவே மூன்றனுள் இரண்டு வீழ்ந்தன, ஒன்று நின்றது. அவ்வொன்றையே கூறுவார் சொல் அவையேறும். மூன்றையும் அடுக்குவார், நிற்பதனையும் உடனிழப்பர்.