ஈயச் சிப்பாய்களின் யுத்தம்

போரை வெறுப்பவர் போர் விளையாட்டை ரசிக்கலாமா என்று கேட்பவர்கள், பிரிட்டன்ஸ் நிறுவனத்தின் பழைய பொம்மைப் பீரங்கியைக் கொஞ்சம் கவனிக்கலாம். சுருள்வில்லை விட்டதும் 'டக்' என்று ஓர் அங்குல மர உருளை பறக்கும். வண்ணம் பூசிய ஈயச் சிப்பாய் ஒருவன் சாய்வான். சேதம் அவ்வளவுதான். ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913இல் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' இந்த ஆட்டத்துக்கான விதிநூல். ஒரு நகர்வில் காலாளுக்கு ஓர் அடி, குதிரைக்கு இரண்டு அடி. நூலால் அளந்து, மரக்கட்டை வீடுகளுக்கும் சுள்ளி மரங்களுக்கும் நடுவே தவழ்ந்து, ஒரு கண்ணை மூடித் தரையோடு தரையாகக் குறிபார்க்க வேண்டும். பெரியவர்களையும் முழங்காலில் நிறுத்தும் அந்தப் பொறுமையில்தான் இதன் ருசி.

இது போர்வெறியை வளர்க்காதா? வெல்ஸ் நேர்மாறாக வாதிட்டார்: இந்தச் சின்னத் தரையிலேயே இத்தனை குளறுபடி என்றால், நிஜப் போர் எவ்வளவு பெரிய குளறுபடி என்பது ஆடுபவருக்குப் புரிந்துவிடும். அவரே மறு ஆண்டு ஜெர்மனிக்கு எதிரான போரை ஆதரித்தாரே என்பது நியாயமான மறுப்பு. பொம்மை யாரையும் சமாதானவாதி ஆக்காது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வியூகத்தின் அழகை ரசிக்க ரத்தம் தேவையில்லை என்பதற்கு இது போதும். உள்ளே கூடான இந்தச் சிப்பாய்களின் தலை முறிந்தால், கழுத்துக்குள் ஒரு தீக்குச்சியைச் செருகி மறுபடி அணியில் நிறுத்திவிடுவார்கள்.