தேறுவதற்கு ஆகும் காலம்

ஏதாவது ஒரு சிவப்பு ஒயின் புட்டியின் பின்பக்க லேபிளைத் தமிழாக்கிப் பாருங்கள். கருஞ்செர்ரி, பிளாக்கரன்ட், தேவதாரு, பதனிட்ட தோல், முடிவில் கொஞ்சம் புகையிலை என்று வரும். வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால் சிம்பாங் அம்பாட்டில் உட்கார்ந்து வாசிக்கிறவனுக்கு அதில் புகையிலையைத் தவிர வேறொன்றும் நாக்கில் ஏறாது. பிளாக்கரன்ட்டை நாம் செடியில் பார்த்ததில்லை, ரைபெனா பாட்டிலில்தான் தெரியும். இந்த மாதிரிக் குறிப்புகளை அப்படியே தமிழில் இறக்கிவைத்து, ருசி எழுத்து என்று பேர் வைக்கும் பதிவுகள் இப்போது கண்ணில் படுகின்றன. ஒயினைப் பற்றித் தாராளமாக எழுதட்டும். எழுதுகிறவரின் நாக்கு எங்கே போச்சு என்றுதான் கேட்கிறேன்.

பேசுவதற்கு ஓர் ஒயின் வேண்டும் என்பதால் மதிரானை எடுத்துக்கொள்கிறேன். போர்தோ, பர்கண்டி மாதிரி ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர் இல்லை. பிரான்சின் தென்மேற்கில், பிரனீஸ் மலைக்கு வடக்கே, அதூர் ஆற்றுப் பக்கம் இருக்கும் சின்னப் பகுதி. 1948இல் சட்டப்படியான பிறப்பிடப் பெயர் கிடைத்தது. அங்கே தனா என்ற கறுத்த திராட்சைதான் முதலாளி. மதிரான் சிவப்பு ஒயினில் பெரும்பங்கு அதுவாகத்தான் இருக்க வேண்டும். வாத்துக் கொழுப்பிலேயே வெந்த வாத்துக்கறியோடு சேர்த்துக் குடிக்கிற, நாட்டுப்புறத்து முரட்டு ஒயின். இளசாக இருக்கும்போது திறந்தால் வாயைக் கட்டிப்போடும். அதற்குக் காரணம் திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் டானின்.

டானின் என்று வந்ததும் நமக்கு அகராதி தேவையில்லை. அது துவர்ப்பு. எச்சிலில் இருக்கும் புரதத்தை டானின் பிடித்துக்கொள்கிறது, வழவழப்பு போய்விடுகிறது, கன்னத்தின் உள்பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆகவே இதை ருசி என்பதைவிடத் தொடு உணர்ச்சி என்றே அறிவியலில் பலரும் வைக்கிறார்கள். ஐரோப்பியர்கள் எண்ணும் அடிப்படைச் சுவைகளில் இதற்கு இடமில்லை. நம்ம அறுசுவையில் இதற்குத் தனி நாற்காலியே உண்டு. வாழைப்பூ, நெல்லிக்காய், மங்குஸ்தீனைப் பிளக்கும்போது தெரியாமல் பல்லில் படும் தோல், ரொம்ப நேரம் ஊறிப்போன தே ஓ கோசோங் எல்லாம் இந்த நாற்காலிக்குச் சொந்தக்காரர்கள். எல்லாவற்றுக்கும் மேலே பாக்கு. பினாங்கு என்ற பெயரே மலாயில் பாக்குதான். பாக்கில் இருக்கும் டானினும் ஒயினில் இருக்கும் டானினும் வேதியியலில் ஒரே குடும்பம். துவர்ப்பின் பெயரைச் சுமக்கும் மாநிலத்தில் இருந்துகொண்டு மதிரானுக்கு விளக்கம் சொல்ல பிளாக்கரன்ட்டைத் தேடி அலைகிறோம்.

இந்தத் துவர்ப்பு காலத்தால் இளகும். பீப்பாயிலும் புட்டியிலும் மிக மெதுவாகப் புகும் பிராணவாயுவோடு டானினும் நிறமிகளும் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்கின்றன. ஒரு பகுதி வண்டலாகக் கீழே இறங்குகிறது, மிச்சம் நாக்கை முன்னைப்போல் பிறாண்டுவதில்லை. நல்ல மதிரானுக்கு இது நடக்கப் பத்து வருஷம்கூட ஆகும். யார் காத்திருப்பது? 1991இல் மதிரானிலேயே பத்ரீக் துகூர்னோ என்ற தயாரிப்பாளர் ஒரு வழி கண்டார். தொட்டியில் இருக்கும் ஒயினுக்குள் பிராணவாயுவை நுண்ணிய குமிழிகளாக, அளந்து அளந்து செலுத்தினார். இன்று உலகம் முழுக்க இந்த முறை புழங்குகிறது.

நான் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். அவசரமாக முதுமையை உண்டாக்குவது எங்களுக்குத் தினசரிப் பிழைப்பு. சில்லுகளை 125 பாகை செல்சியஸில் 1000 மணி நேரம் ஓடவிட்டு, பல வருஷ உழைப்பு தாங்குமா என்று கணக்குப் போடுவோம். ஒயினை அப்படிச் சூடாக்கி வயசாக்க முடியாது. சூட்டில் ஒவ்வொரு வேதிவினையும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும், வெந்த பழத்தின் வாடைதான் மிஞ்சும். பிரெஞ்சுக்காரன் 12, 13 பாகை நிலவறையில் பத்து வருஷம் வைக்கிற புட்டியை, நம்ம ஊர் 30 பாகை அலமாரியில் வைத்தால் முதுமை வராது, மூச்சு நின்றுபோகும்.

இவ்வளவு சூடான நாட்டுக்காரர்களுக்குப் பானத்தை வயசாக்கத் தெரிந்திருக்குமா என்று கேட்டால், புறநானூறு தெரியும் என்கிறது. 120ஆம் பாட்டில் கபிலர் மண்ணில் புதைத்து முதிரவைத்த தேறலைச் சொல்கிறார். 129இல் மலைக்குறவர்கள் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறலைக் குடித்துவிட்டு வேங்கை மர முற்றத்தில் குரவை ஆடுகிறார்கள். மண்ணுக்கு அடியில் வெயிலின் ஏற்ற இறக்கம் குறைவு. அவர்களுடைய நிலவறை அதுதான். தென்னங்கள் ஒன்றிரண்டு நாளில் புளித்துக் காடியாகிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியிருக்க, நாள்பட வைத்ததைச் சிறப்பாகப் பாடியவர்கள் அதற்கான நுட்பமும் தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

தேறல் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். தேறு என்பதிலிருந்து வருவது. கலங்கியது தெளிவதும் தேறுதல், காய்ச்சலில் கிடந்தவர் எழுவதும் தேறுதல், பரீட்சையில் பையன் பாஸாவதும் தேறுதல். அழுதவருக்குச் சொல்வது ஆறுதலும் தேறுதலும். வண்டல் இறங்கித் தெளியும் பானத்துக்கும் துக்கம் இறங்கித் தெளியும் மனுஷனுக்கும் ஒரே வினைச்சொல். ஒயின் முதிர்வதைப் பற்றி இத்தனை பொருத்தமான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் 'ஏஜிங்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கவிஞர்களின் ருசிக்குறிப்பும் வேறு ரகம். 392ஆம் பாட்டில் ஔவையார் நாள்பட்ட தேறலின் வேகத்துக்குத் தேள் கொட்டின கடுப்பை உவமை சொல்கிறார். சிறுபாணாற்றுப்படையில் அது சீறும் பாம்பு. பழப்பட்டியல் கிடையாது, உடம்பில் நடப்பதைச் சொல்கிறார்கள். வெளிநாட்டுச் சரக்கும் அவர்களுக்குப் புதுசில்லை. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை நக்கீரர் 56ஆம் பாட்டில் பாண்டியனுக்கு ஊற்றிக் கொடுக்கச் சொல்கிறார். 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன.

அப்புறம் ஏன் இந்த நாக்கு நமக்கு இல்லாமல் போனது? மலேசியாவில் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. தோட்டத்துக் கள்ளுக்கடை. சம்பளம் போட்ட கையே கள்ளையும் விற்ற இடம் அது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. 1947இல் நமக்குப் பக்கத்திலேயே, கெடாவில், தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. அதன் பிறகு சம்சு வந்தது. அதற்கு எதிராகப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் வருஷக்கணக்காகக் குரல் கொடுத்திருக்கிறது. எங்க பாட்டி முன்னால் கள்ளு என்ற சொல்லையே எடுக்க முடியாது. அவங்க கோபம் நியாயமானது. அந்தக் கோபத்துக்குப் பதிலாக ஔவையாரைத் தூக்கிக் காட்டுவது அநாகரிகம்.

ஆனால் அந்தக் கோபத்தை வாங்கிக்கொண்ட நம் கதைகள் அதை என்ன செய்தன என்று கேட்கலாம். நான் வாசித்த தோட்டக் கதைகளில் குடிக்கிற ஆள் அடிக்கடி வருகிறான். தள்ளாடுகிறான், பெண்டாட்டியை அடிக்கிறான், பிள்ளையின் ஸ்கூல் காசைத் தொலைக்கிறான். அவன் குடித்த கள் இனித்ததா புளித்ததா, காலையில் இறக்கியதா முந்தின நாள் மிச்சமா என்று ஒரு வரி கிடையாது. வெட்டுக்காட்டில் விடிகாலையிலிருந்து நின்ற உடம்புக்குள் முதல் மடக்கு என்ன செய்தது என்றும் தெரியாது. அவன் பாத்திரமாக ஆகவில்லை, எச்சரிக்கைச் சுவரொட்டியாக நிற்கிறான். அவனுக்கு நாக்கு இருந்தது என்று ஒத்துக்கொண்டால் அவன் செய்த கொடுமை குறைந்துவிடும் என்று எழுத்தாளர் பயந்துவிட்டார். உண்மையில் கொடுமை கூடித்தான் தெரிந்திருக்கும்.

இப்போதைய ஒயின் பதிவுகள் இதற்கு நேர் எதிர் என்று தோன்றும். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. அங்கே பானத்துக்குப் பதில் பாவம், இங்கே பானத்துக்குப் பதில் அந்தஸ்து. மூன்றாவதாக ஒரு தப்பித்தலும் உண்டு, ஆரோக்கியம். 2006இல் ரோஜர் கார்டர் குழு 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதியது. தென்மேற்குப் பிரான்சு ஒயின்களில் இரத்தக் குழாய்க்கு நல்லது செய்யக்கூடிய டானின் வகை அதிகம் என்றார்கள். மதிரான்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். அதைக் குடிப்பதற்கான மருந்துச்சீட்டாக ஆக்குகிறவர்களும் ருசியைப் பற்றிப் பேசாமல் நழுவுகிறவர்கள்தான்.

வழி கபிலரிடமே இருக்கிறது. 120ஆம் பாட்டில் புதைத்து முதிர்ந்த தேறலைக் கூரைக் குடிசைதோறும் பகிர்ந்துகொள்கிறார்கள், நெய்யில் கடலை பொரிகிறது, சோறு வேகிறது. இத்தனையும் சொல்லிவிட்டு, பாரியின் இந்த நாடு அழிந்துவிடுமோ என்று முடிகிறது பாட்டு. துக்கம் இருப்பதால் ருசியைச் சொல்ல அவர் கூச்சப்படவில்லை. கடலை பொரிகிற சத்தம் வரை சொன்னதால்தான், போகப்போவது எது என்று நமக்கு உறைக்கிறது.

கேட்டதைச் செய்து காட்டுவதுதான் முறை. எனக்குக் கிடைத்தது மூன்று வயது மதிரான். கறுப்புக்குப் பக்கத்தில் போகும் சிவப்பு. முதல் மடக்கில் வெற்றிலை இல்லாமல் வெறும் பாக்கை மென்ற மாதிரி ஈறு இறுகியது. அதற்குப் பின்னால் நாவல்பழத்தின் கறை, மழைக்குப் பிறகு செம்பனைத் தோட்டத்து மண் வாடை. மட்டன் பெரட்டலின் கொழுப்போடு சேர்ந்ததும் துவர்ப்பு பாதியாகக் குறைந்தது, கறியின் மிளகு முன்னால் வந்தது. மிச்சத்தை மூடி குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் ஊற்றினேன். இறுக்கம் கொஞ்சம் விட்டிருந்தது. தேறவில்லை, தேறத் தொடங்கியிருந்தது.

இந்தக் குறிப்பைப் பாட்டியிடம் வாசித்துக் காட்ட மாட்டேன். ஆனால் அவங்க பார்த்த கள்ளுக்கடையைக் கதையாக எழுதப்போகிற ஒருவருக்கு இதே நாக்கு வேண்டியிருக்கும். அந்தக் கள் எப்படி இருந்தது என்பதை முதலில் எழுதுங்கள். அடுத்த வரியில் அடி விழட்டும்.