பிடித்துவிட்டால் வலி போய்விடுமா?

எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டால், தசையில் தேங்கிய நச்சு வெளியேறி நாள்பட்ட முதுகு வலி தீரும் என்று சிலர் கூறக் கேட்டிருப்பீர்கள். இது சரியா?

நச்சு என்று அவர்கள் பெரும்பாலும் குறிப்பது லாக்டிக் அமிலத்தை. கடுமையாக ஓடும்போது அது தசையில் சேர்வது உண்மையே. ஆனால், ஓட்டம் நின்ற சுமார் ஒரு மணி நேரத்தில் உடலே அதைத் தீர்த்துவிடுகிறது. மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அது எப்படிக் காரணமாகும்?

அப்படியானால் பிடித்துவிடுவது வீணா? அதுவும் இல்லை. அமெரிக்காவில் செர்கின் குழுவினர் நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 401 பேரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்து, 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். வாரம் ஒருமுறை வீதம் 10 வாரம் பிடித்துவிடப்பட்டவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நன்கு தேறினர். ஆனால் கவனியுங்கள்: தசைக் கோளாறைத் தேடிச் சரிசெய்யும் முறையும், இதமாகத் தேய்த்துவிடும் முறையும் ஏறத்தாழ ஒரே பலனையே தந்தன! ஓராண்டில் அப்பலனும் பெரிதும் குறைந்தது. தமக்குச் சிகிச்சை நடப்பதை நோயாளி அறிவார்; அந்த நம்பிக்கையின் பங்கைப் பிரித்தறிவதும் கடினம்.

இடித்துக்கொண்ட முழங்காலை உடனே தேய்க்கிறோம் அல்லவா? தொடுவுணர்வுச் செய்திகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியை ஓரளவு தடுக்கின்றன என்று மெல்சாக், வால் இருவரும் 1965-இல் விளக்கினர். அந்த இதம் உண்மை. நச்சுக் கதைதான் பொய்.

ஆகவே, பிடித்துவிடுதலைத் துணையாகக் கொள்ளுங்கள், உடற்பயிற்சியைக் கைவிடாதீர்கள். வலியுடன் கால் மரத்துப்போனாலோ, சிறுநீரை அடக்க முடியாமற் போனாலோ, காய்ச்சல் கண்டாலோ, எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.