இரட்டையர் ஆய்வும் துணைத் தேர்வும்

மனிதரின் குணத்தில் மரபணுவுக்கு எவ்வளவு பங்கு என்பதை அளக்க இரட்டையரை ஒப்பிடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. 1875இல் பிரான்சிஸ் கால்ட்டன் இதைப் பற்றி எழுதினார். இரு வகை இரட்டையரையும் ஒப்பிட்டுக் கணக்கிடும் முறை 1920களில் உருப்பெற்றது. ஒரு கரு இரட்டையருக்கு மரபணுத் தொகுதி ஏறத்தாழ ஒன்றே. இரு கரு இரட்டையர் மற்ற உடன்பிறந்தாரைப் போலச் சராசரியாகப் பாதியையே பகிர்கிறார்கள். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் வளர்பவர்கள். ஆகவே முதல் வகையினரிடம் காணப்படும் கூடுதல் ஒற்றுமை மரபணுவின் கணக்கில் சேர்கிறது.

இந்த முறையின் பெரிய பலம், அது திரும்பத் திரும்ப ஏறத்தாழ ஒரே விடையைத் தருவது. ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த 2,748 ஆய்வுகளை 2015இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, 17,804 பண்புகளுக்கான மரபுவழிப் பங்கு சராசரியாக 49 விழுக்காடு என்று தெரிந்தது. ஆளுமையை மட்டும் எடுத்துக்கொண்டு அதே ஆண்டில் செய்த இன்னொரு தொகுப்பாய்வு, சுமார் 40 விழுக்காடு என்றது. உளவியலில் இவ்வளவு உறுதியாக நிற்கும் எண்கள் குறைவு.

ஆனால் அந்த எண் சொல்வது என்ன என்பதில்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. ஒருவருடைய கூச்ச சுபாவத்தில் 40 விழுக்காடு மரபணுவிலிருந்து வந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் அவ்வளவு பங்கை மரபணு வேறுபாடு விளக்குகிறது என்பதே பொருள். கையில் ஐந்து விரல் அமைவது முழுக்க மரபணுவின் வேலை. ஆயினும் விரல் எண்ணிக்கையின் மரபுவழிப் பங்கு மிகக் குறைவு. ஏனெனில் நான்கு விரலோடு இருப்பவர்களில் பலர் விபத்தில் ஒன்றை இழந்தவர்கள். எல்லோருக்கும் பொதுவானதை இந்த முறை காணவே காணாது. வாழ்க்கைத் துணையைத் தேர்வது பற்றிப் பேசும்போது இந்தக் குறை பெரிதாகிறது.

முறையின் அடிப்படையான அனுமானம், இரு வகை இரட்டையருக்கும் சூழல் சமம் என்பது. ஒரே சாயலில் இருக்கும் பிள்ளைகளை ஊரும் உறவும் ஒரே மாதிரி நடத்தக்கூடும் என்ற ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. தாமஸ் பூஷார்டு 1979இல் தொடங்கிய மின்னசோட்டா ஆய்வு, குழந்தைப் பருவத்திலேயே பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையரைத் தேடியது. 1990இல் வெளியான முடிவுகளில், ஆளுமை வினாநிரலில் பிரிந்து வளர்ந்த ஒரு கரு இரட்டையரின் ஒட்டுறவு 0.50, சேர்ந்து வளர்ந்தவர்களுடையது 0.49. ஒரே வீட்டில் வளர்வது ஆளுமையை ஒன்றாக்குவதில்லை என்ற இந்த முடிவு அந்த ஆய்வின் உண்மையான கொடை. பத்திரிகைகளோ, இரட்டையர் ஒரே வகைச் சிகரெட்டைப் புகைத்ததையும் ஒரே பெயருள்ள பெண்களை மணந்ததையும் கொண்டாடின. ஒரே நாட்டில், ஒரே வயதில் உள்ள எந்த இருவரிடமும் இத்தகைய ஒற்றுமைகள் எத்தனை கிடைக்கும் என்று ஒப்பிடாதவரை அவற்றுக்கு மதிப்பில்லை.

துணைத் தேர்வுக்கு இதே முறையைப் பொருத்தியபோது எதிர்பாராத விடை வந்தது. குணமும் விருப்பமும் ஒத்த ஒரு கரு இரட்டையரின் துணைகளும் ஒத்திருக்க வேண்டும் அல்லவா? 1993இல் டேவிட் லிக்கனும் ஆக் டெல்லகனும் பார்த்தபோது அந்தத் துணைகள் அப்படி ஒத்திருக்கவில்லை. தம் இரட்டையரின் துணையிடம் ஈர்ப்பு உணர்ந்தவர்களும் சிலரே. 2011இல் ஆஸ்திரேலிய இரட்டையரை ஆராய்ந்த பிரெண்டன் சீட்ச் குழுவும், யாரைத் துணையாக்குகிறோம் என்பதில் மரபணுவின் பங்கு பூச்சியத்துக்கு அருகில் என்றே கண்டது. பெண்கள் தேர்ந்த துணையின் வயதிலும் வருமானத்திலும் மட்டும் குடும்பத்தின் செல்வாக்கு தெரிந்தது. பெற்றோரின் கை அதில் இருக்கலாம்.

இதைக் கொண்டு, துணைத் தேர்வுக்குப் பரிணாம அடிப்படை இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. பரிணாம உளவியல் பேசுவது மனித இனத்துக்குப் பொதுவான நாட்டங்களைப் பற்றி. அவை விரல்களைப் போல எல்லோரிடமும் இருந்தால் இரட்டையர் ஆய்வில் தட்டுப்படா. அதற்கு வேறு சான்று வேண்டும். டேவிட் பஸ் இந்தியா உட்பட 33 நாடுகளிலிருந்து 37 மாதிரிகளில் 10,047 பேரிடம் எடுத்து 1989இல் வெளியிட்ட கணக்கெடுப்பு அத்தகையது. 37இலும் ஆண்கள் தம்மைவிட இளைய துணையை விரும்பினர். 36இல் பெண்கள் ஆண்களைவிடப் பொருளாதார நிலைக்கு அதிக மதிப்பளித்தனர். குழந்தைக்காக அதிகம் செலவிடும் பாலினம் துணையைக் கூடுதலாகச் சலித்தெடுக்கும் என்று ராபர்ட் டிரிவர்ஸ் 1972இல் முன்வைத்த கோட்பாட்டோடு இது பொருந்துகிறது. ஆலிஸ் ஈக்லியும் வெண்டி வுட்டும் 1999இல் அதே தரவை மீண்டும் எடுத்து, பாலினச் சமத்துவம் கூடிய நாடுகளில் இந்த வேறுபாடுகள் சில சுருங்குவதைக் காட்டினர். 45 நாடுகளில் 14,399 பேரிடம் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வு பஸ்ஸின் பெரும்பாலான முடிவுகளை உறுதிசெய்தது. ஆனால் சமத்துவம் கூடக் கூடத் தம்பதியரின் வயது இடைவெளி குறைவதையும் கண்டது. நாட்டம் பொதுவானது, அது எவ்வளவு வலுவாக வெளிப்படும் என்பதைச் சமூகம் தீர்மானிக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் படிப்பதே நேர்மையான வாசிப்பு. பஸ்ஸின் தரவில் அன்பும் அறிவும் இரு பாலாரின் பட்டியலிலும் முன்னிலையில் நின்றது மேற்கோள்களில் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

சொல்வது வேறு, தேர்வது வேறு என்பது இன்னொரு சிக்கல். ஒரு மாலையில் பலரைச் சில நிமிடங்கள் வீதம் சந்திக்கும் நிகழ்வுகளைக் கொண்டு பால் ஈஸ்ட்விக்கும் ஈலை ஃபிங்கலும் 2008இல் செய்த ஆய்வில், முன்கூட்டிச் சொன்ன விருப்பங்கள் உண்மையில் யார்மீது ஈர்ப்பு வந்தது என்பதை முன்னறிவிக்கவில்லை.

இந்த முறைகள் பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் வளர்ந்தவை. துணையை மணமக்களே தேர்கிறார்கள், தம்பதியர் உறவினர் அல்லர் என்னும் இரண்டும் அங்கே பெரும்பாலும் உண்மை. தமிழ்நாட்டில் வரன் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர். இங்கே உறவுமுறைத் திருமணங்களின் அளவு 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நான்கில் ஒன்றுக்கும் மேல். அத்தை மகனும் மாமன் மகளும் மரபணுவில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்பவர்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கை. இவர்களுக்குப் பிறக்கும் இரு கரு இரட்டையர் பகிர்வது பாதிக்கும் மேல். அப்போது இரு வகை இரட்டையருக்கும் இடையிலான வேறுபாடு சுருங்கி, வழக்கமான சூத்திரம் மரபணுவின் பங்கைக் குறைத்தே காட்டும். அந்தத் திருத்தத்தைச் செய்யாமல் 40 விழுக்காடு என்ற எண்ணை இங்குள்ள குடும்பங்களுக்குப் பொருத்திப் பார்க்க இடமில்லை.