மேல்நிலை முதலாண்டில் எல்லையும் தொடர்ச்சியும்: ஒரு விமர்சனம்

தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த 11ஆம் வகுப்புக் கணிதப் பாடநூலின் இரண்டாம் தொகுதியில் எல்லை, தொடர்ச்சி ஆகிய இரண்டு கருத்துகளுக்கும் தனி இயல் உள்ளது. வகையிடலும் தொகையிடலும் அதன் பிறகே வருகின்றன. அட்டவணை, வரைபடம், இடப்பக்க எல்லை, வலப்பக்க எல்லை என்னும் வரிசையும் பொருத்தமானதே. குறை பெரும்பாலும் பாடம் நடத்தப்படும் முறையில் இருக்கிறது. கருத்தைத் தாண்டிவிட்டுக் கணக்கு வகைகளுக்குப் போய்விடுகிறோம்.

மதிப்பு வேறு, எல்லை வேறு

ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 4-ஐக் கழித்து, அதை அந்த எண்ணிலிருந்து 2-ஐக் கழித்து வருவதால் வகுக்கும் சார்பை எடுத்துக்கொள்வோம். 1.9-க்கு 3.9, 1.99-க்கு 3.99, 2.01-க்கு 4.01 என விடைகள் வருகின்றன. 2-ஐப் பிரதியிட்டால் 0-ஐ 0-ஆல் வகுக்க நேரும். மாணவர் காரணிப்படுத்தி, பொதுக் காரணியை நீக்கி, எல்லை 4 என்று எழுதுவார். முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் ‘2-இல் இச்சார்பின் மதிப்பு என்ன?’ என்று கேட்டால் அதற்கும் 4 என்றே பதில் வரும். அங்கே சார்பு வரையறுக்கப்படவே இல்லை. இந்த வேறுபாடுதான் இயலின் உயிர். தேர்வு விடைத்தாளில் அது வெளிப்படுவதில்லை.

சொல் தரும் மயக்கம்

‘எல்லை’ என்றதும் ஊர் எல்லையும் எல்லைக்கல்லும் நினைவுக்கு வருகின்றன. அதனால், எல்லை என்பது நெருங்கலாம், தொடக்கூடாது, தாண்டக்கூடாது என்று பல மாணவர் எண்ணுகின்றனர். மாறிலிச் சார்பு தன் எல்லையிலேயே எப்போதும் நிற்கிறது. வேறு சில சார்புகள் எல்லைக்கு மேலும் கீழும் மாறி மாறிச் சென்றபடியே அதை நெருங்குகின்றன. கலைச்சொல்லை மாற்ற வேண்டியதில்லை. அன்றாடப் பொருளுக்கும் கணிதப் பொருளுக்கும் உள்ள இடைவெளியை முதல் நாளே சொல்லிவிட்டால் போதும்.

பேனாவை எடுக்காமல் வரைவது

‘பேனாவை எடுக்காமல் வரைய முடிந்தால் தொடர்ச்சி’ என்னும் விளக்கம் தொடக்கத்துக்கு உதவும். அதோடு நின்றால் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். 1-ஐ ஓர் எண்ணால் வகுக்கும் சார்பின் வரைபடம் இரண்டு துண்டுகளாக இருக்கிறது. ஆயினும் அதன் சார்பகத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அது தொடர்ச்சியானதே. 0 அந்தச் சார்பகத்தில் இல்லை.

தொடர்ச்சியின்மைக்கு எடுத்துக்காட்டு வீட்டிலேயே உண்டு. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டணத்தின்படி, இரு மாதங்களுக்கு 500 யூனிட் வரை பயன்படுத்தியோருக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு ரூ. 2.25, அதற்கடுத்த 200-க்கு ரூ. 4.50, கடைசி 100-க்கு ரூ. 6 என இருந்தது. ஆக, 500 யூனிட்டுக்கு ரூ. 1,725. 500-ஐத் தாண்டினால் 101 முதல் 400 வரை முழுவதற்கும் ரூ. 4.50 ஆகிவிட்டது. யூனிட்டை மெய்யெண்ணாகக் கொண்டால் 500-இல் இடப்பக்க எல்லை 1,725, வலப்பக்க எல்லை 1,950. இரண்டுக்கும் உள்ள ரூ. 225 வேறுபாடே துள்ளல். 100 யூனிட்டில் அப்படித் துள்ளல் இல்லை. சரிவு மட்டும் மாறுகிறது. தொடர்ச்சி இருந்தும் வகையிட இயலாத புள்ளிக்கு அது எடுத்துக்காட்டு. புதுச்சத்திரம் போன்ற ஊர்களில் தமிழ்வழியில் படிக்கும் மாணவர் இதற்காக எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை.

எவ்வளவு அருகில்?

நியூட்டனும் லைப்னிட்சும் 17ஆம் நூற்றாண்டில் நுண்கணிதத்தை உருவாக்கினர். எல்லையை அடித்தளமாக வைத்துக் கோஷி நூல் எழுதியது 1821-இல். வையர்ஸ்ட்ராஸ் அதை எப்சிலான்–டெல்டா வரையறையாக இறுக்கியது அதற்கும் பின்னர். கணித அறிஞர்களுக்கே இவ்வளவு காலம் பிடித்த கருத்தைச் சில பாடவேளைகளில் முடித்துவிட்டு மாணவரைக் குறை கூறுவது நியாயமன்று.

முறையான வரையறை பள்ளியில் வேண்டாம். அதன் கேள்வி வேண்டும். ஓர் எண்ணை 3-ஆல் பெருக்கி 1 கூட்டும் சார்புக்கு, எண் 2-ஐ நெருங்கும்போது எல்லை 7. ‘விடை 7-இலிருந்து 0.03-க்குள் இருக்க வேண்டுமானால், எண் 2-க்கு எவ்வளவு அருகில் இருக்க வேண்டும்?’ 0.01-க்குள் என்று 11ஆம் வகுப்பு மாணவர் கண்டுபிடித்துவிடுவார். பின்னாளில் கல்லூரியில் எப்சிலான் அவரை மிரட்டாது.

தேர்வு போன பிறகு

11ஆம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு 12ஆம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு நடத்தும் வழக்கம் சில பள்ளிகளில் இருந்தது. அதைத் தடுக்கவே 11ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி 2025-26 கல்வியாண்டு முதல் அத்தேர்வு நீக்கப்பட்டது. மாணவரின் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் பழைய வழக்கம் திரும்பினால் முதலில் பலியாகும் பாடங்களில் இதுவும் ஒன்றாக இருக்கும். வகைக்கெழு என்பதே ஓர் எல்லைதான் என்று அறியாமல், வாய்பாட்டை மட்டும் ஏந்திக்கொண்டு மாணவர் கல்லூரிக்குப் போவார்.

தேர்வு இல்லாததை வாய்ப்பாகவும் கொள்ளலாம். மதிப்பெண் அவசரம் இல்லாத வகுப்பில், கணக்கைத் தொடங்குமுன் அட்டவணை போடவும், வரைபடம் வரையவும், ‘இங்கே மதிப்பு உண்டா? எல்லை உண்டா? இரண்டும் சமமா?’ என்று கேட்கவும் நேரம் உண்டு. இம்மூன்று கேள்விகளுக்கும் காரணத்தோடு விடை சொல்லத் தெரிந்தவரே இந்த இயலைப் படித்தவர்.