மீமானிடரும் திரைக்கலையும்

திரைப்படம் கலையா, பொழுதுபோக்கா என்னும் வினா அது தோன்றிய காலந்தொட்டே இருந்துவருவது. ஆயினும் 2019 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டிலே அது புதியதொரு வழக்காக மூண்டது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் இயக்குநர் மாட்டின் ஸ்கோசேசி, சஞ்சிகையொன்றுக்கு அளித்த செவ்வியிலே, மார்வெல் நிறுவனத்தாரின் மீமானிட வீரர் படங்களைத் திரைக்கலையெனத் தாம் கொள்வதில்லை என்றும், அவை கேளிக்கைப் பூங்காக்களையே பெரிதும் ஒத்தன என்றும் கூறினார். சில நாட்களின் பின் பிரான்சு தேசத்து லியோன் நகரிலே விருது பெறச் சென்ற பிரான்சிஸ் போட் கொப்போலா அதனினுங் கடுமையான சொல்லால் அவற்றை இகழ்ந்தார். மறுபுறத்தார் வாளாவிருந்தாரல்லர். உலகெங்கணும் மக்கள் கண்டு களித்துக் கண்ணீருகுத்த படங்களைக் கலையல்ல என்று தள்ள இவர் யார் என்றனர் சிலர். இவை வெறும் பொழுதுபோக்கே, இவற்றிற்குத் திறனாய்வு எதற்கு என்றனர் வேறு சிலர்.

இவ்விரு விடைகளுட் பின்னையதே பெருந்தீங்கு பயப்பது. பொழுதுபோக்கு என்னுஞ் சொல் அங்கே ஒரு வகையின் பெயராக நில்லாது, மதிப்பீட்டினின்றும் விடுதலை அளிக்கும் அநுமதிச்சீட்டாகி விடுகின்றது. தச்சன் செய்த நாற்காலி கால் ஆடுமாயின், இது சிற்பமன்று, நாற்காலிதானே என்று எவரும் அமைந்துவிடுவதில்லை. நகைப்பிக்க எழுந்த நாடகம் நகைப்பியாதாயின் அது குறையே. பொழுதைப் போக்க வந்தது பொழுதை நன்கு போக்கிற்றா, எதனைக் கொண்டு போக்கிற்று என்று வினவுதல் திறனாய்வாளரின் கடமை. கற்றோர் இக்கடமையைக் கைவிடின், இளையோர் மிகுதியுங் காணும் கதைகளே எவராலும் ஆராயப்படாத கதைகளாகிவிடும். வீரம் யாது, சாவு யாது, வலியோன் எளியோனுக்குச் செய்யவேண்டியது யாது என்பனவற்றை அவர்கள் இக்கதைகளிலிருந்தே பெரிதும் பெறுகின்றனர்.

மீமானிட வீரர் வரிசைக்கு மூத்தவன் சுப்பர்மன். கிளீவ்லாந்து நகர் இளைஞராகிய ஜெரி சீகல், ஜோ சுஸ்ரர் என்னும் இருவர் படைத்த அப்பாத்திரம் 1938 ஆம் ஆண்டு சித்திரக்கதை ஏடொன்றிலே வெளிவந்தது. அதன் உரிமையை அவ்விருவரும் பதிப்பகத்தாருக்கு 130 டொலருக்கு விற்றுவிட்டனர். இவ்வினத்திலே கற்பனையும் கணக்கேடும் பிறந்த நாள்முதல் உடன்வருவன என்பதற்கு இத்தொகையே சான்று. கணக்கேடு இன்று பெருத்துவிட்டது. 2008 இல் வெளியான "அயன் மேன்" முதலாக 2019 இல் வெளியான "அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்" ஈறாக மார்வெல் நிறுவனத்தார் ஒரே தொடராக 22 படங்களை எடுத்தனர். இறுதிப்படம் மாத்திரம் ஏறத்தாழ 280 கோடி டொலர் ஈட்டிற்று.

அமெரிக்கத் திரைப்படக் கழகத்தாரும் இவ்வழக்கிலே இடர்ப்பட்டனர். கிறிஸ்தோபர் நோலன் இயக்கிய "த டார்க் நைற்" 2008 இலே வெளிவந்து பெரும்புகழ் எய்தியும், சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பட்டியலில் இடம்பெறவில்லை. அதன் பின்னர் 2009 இலே அப்பட்டியல் ஐந்து படங்களிலிருந்து பத்தாக விரிக்கப்பட்டது; விடுபட்ட அப்படமே இதற்கொரு காரணம் என்று பரவலாகக் கருதப்பட்டது. மீண்டும் 2018 ஓகஸ்ற் மாதத்தில், பொதுமக்கள் பெரிதும் விரும்பிய படத்துக்கெனத் தனிவிருது ஒன்று அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு வலுக்கவே மறுமாதமே ஒத்திவைக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் செய்தது சரியே. கலைக்கொரு பந்தி, களிப்புக்கொரு பந்தி என்று இலை போடுவது இரு திறத்தார்க்கும் இழுக்கு. அவ்வாண்டுக்குரிய விருதுகளிலே "பிளாக் பாந்தர்" சிறந்த பட வரிசையில் இடம்பெற்று, உடையமைப்பு, காட்சியமைப்பு, இசை என்னும் மூன்றுக்கும் பரிசும் பெற்றது. தனிப்பந்தி வேண்டியிராமற் போயிற்று.

இனி, மானிட எல்லை கடந்த வீரனைப் பாடுதல் கலைக்கு ஒவ்வாதது என்பார் உளராயின், அவர் கிரேக்க நாடகத்தை நோக்குதல் தகும். ஹெராகிளிஸ் என்பான் தெய்வத்துக்குப் பிறந்தவன். சிங்கத்தை வெறுங்கையாற் கொன்றவன். பன்னிரு அருஞ்செயல் முடித்தவன். இன்றைய மீமானிடர் எவரும் அவனுக்கு இளையரே. அவன் வரலாறு முழுவதையும் தொடுத்துக் காப்பியஞ் செய்த புலவர்களை அரிஸ்தோத்தில் தமது கவிதையியலிலே குறைகூறுகின்றார். தலைவன் ஒருவன் என்பதனாற் கதை ஒன்றாகிவிடாது. ஒருவனுக்கு நேர்ந்த எண்ணிறந்த நிகழ்ச்சிகள் ஒரு செயலாகத் திரள்வதில்லை என்பது அவர் கருத்து. கட்புலக் காட்சியை அவர் நாடக உறுப்புக்களுட் கவிதைத்திறனோடு மிகக் குறைந்த உறவுடையதாகக் கருதினார் என்பதும் ஈண்டு நினைவுகூரற்பாலது.

அதே ஹெராகிளிஸை யூரிபிடிஸ் எவ்வாறு கொண்டார்? அருஞ்செயல்கள் யாவும் முடித்து வீடு திரும்பும் வீரனை அவர் தெரிந்துகொண்டார். தேவி ஏவிய பித்து அவனைப் பற்றுகின்றது. உலகைக் காத்த அதே கைகள் சொந்த மனைவியையும் மக்களையுங் கொல்கின்றன. தெளிவு வந்தபின் அவன் சாகத் துணிகின்றான். நண்பனாகிய தீசியஸ் வந்து, உயிர்வாழ்தலே இனி அவனுக்குரிய வீரம் என்று தேற்றி அழைத்துச் செல்கின்றான். இங்கே வீரனின் வலிமை மெய்யானது. ஆயினும் அவனுக்கு வேண்டியதைத் தர அது உதவவில்லை. மீமானிடன் கலைக்குரியவனாகும் இடம் இதுவே. வலிமை பயன்படாத எல்லையிலே அவனை நிறுத்தி, அங்கே நிகழ்ந்ததை மீளாததாக விடுதற்குப் படைப்பாளன் துணிந்தானா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் இவ்விடத்தே கைகொடுக்கும். மருட்கைக்கு நிலைக்களன்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கனையும் ஆசிரியர் வகுத்தார். பறக்கும் மனிதனும் இடிந்து வீழும் மாடமாளிகைகளும் எழுப்புவது மருட்கையே. அதனை இழிந்ததென்றல் பொருந்தாது. ஆயின் முதல் முறை வியந்தது இருபதாம் முறை வியப்பதில்லை. பெருமிதத்துக்கு அவர் கூறிய நான்கு கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன. உடல்வலி அவற்றுள் ஒன்றன்று. மருட்கையை விளைத்துவிட்டுப் பெருமிதத்தை விளைத்துவிட்டதாக எண்ணுவதே இப்படங்களுட் பலவற்றின் மயக்கம்.

"த டார்க் நைற்" இம்மயக்கத்துக்கு உட்படாதது. அதிலே பற்மன் காவலறையில் ஜோக்கரை அடித்துத் துவைக்கின்றான், அடிபட்டவனோ நகைக்கின்றான். வலிமையால் ஆவதொன்றுமில்லை என்பது அந்நகைப்பிலே தெளிவாகின்றது. பற்மன் காதலித்த பெண் மெய்யாகவே மாள்கின்றாள். நகரின் நம்பிக்கையாயிருந்த வழக்கறிஞன் மெய்யாகவே கெடுகின்றான். இரு கப்பல்களிலே மக்களை ஏற்றி, ஒன்றைத் தகர்க்குங் கருவியை மற்றையதன் கையிற் கொடுக்கும் காட்சியில் வீரனுக்கு வேலையே இல்லை. கைதிகள் கப்பலிலே ஒருவன் கருவியை வாங்கிச் சாளரத்தின் வழியே எறிகின்றான். குடிமக்கள் கப்பலிலோ வாக்கெடுப்பில் அழிப்போம் என்பது வென்றும் விசையை அழுத்தத் துணிந்தார் ஒருவருமில்லை. தறுகண் எனத்தக்கது அக்கைதியின் செயல். ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் படம் வெளிவருமுன் இறந்தார். 2009 இலே ஒஸ்கார் அவருக்கு வழங்கப்பட்டது. படம் குறையற்றதன்று. நகர்மக்கள் அனைவரின் தொலைபேசிகளையும் ஒற்றுக்கேட்கும் பொறியைப் பற்மன் பயன்படுத்துவதும், பின் அதனை அழித்துவிடுவதும் எளிதான தப்புவழி. அரியதொரு வினாவை எழுப்பிவிட்டு விடையிறாது நழுவுகின்றது கதை.

ஜேம்ஸ் மான்கோல்ட் இயக்கி 2017 இல் வெளியான "லோகன்" இவ்வகையில் இன்னும் ஆழமானது. எந்தக் காயமும் கணத்தில் ஆறும் உடல்பெற்ற லோகன் அதிலே முதுமை எய்தியவன். எலும்பிற் பதிக்கப்பட்ட உலோகமே நஞ்சாகி அவனை உள்ளிருந்து கொல்கின்றது. அவன் பேணுவதோ ஒரு கிழவரை. சார்ள்ஸ் சேவியர் என்னும் அக்கிழவர் ஒருகாலத்திற் பிறர் உள்ளத்துட் புகுந்து பார்க்கவல்ல பேரறிஞர், இன்று மூளைநோயாளர். நோய் அவரை உலுப்புந்தோறும் சூழ நிற்போர் உடலும் முடங்குகின்றது. மருந்து கொடுத்து, தூக்கிக் கிடத்தி, மலசலகூடத்துக்கு அழைத்துச்சென்று, சினந்து, மீண்டும் பொறுத்து நடந்துகொள்ளும் லோகனைக் காட்டும் பகுதிகள் இவ்வினப் படங்களிலே வேறெங்குங் காணக்கிடையாதவை. வயோதிபரைப் பேணிய வீட்டார் எவருக்கும் அவற்றின் உண்மை விளக்காமலே விளங்கும். உலகைக் காப்பதிலும் ஒரு கிழவரைக் காப்பது கடினம் என்பதை இப்படம் ஓரிடத்திலும் சொல்லாமற் காட்டிவிடுகின்றது.

அப்படத்திலே நுட்பமானதொரு பகுதி உண்டு. லோகனிடம் வந்துசேரும் சிறுமி லோறா, அவனும் அவன் தோழரும் செய்த வீரச்செயல்களைக் கூறும் சித்திரக்கதை ஏடுகளை வைத்திருக்கின்றாள். லோகன் அவற்றைப் புரட்டி இகழ்கின்றான். நடந்தவற்றுட் சிறிதே மெய் என்றும், அதுவும் இவ்வாறு நிகழவில்லை என்றும், மெய்யுலகில் மனிதர் இறக்கின்றனர் என்றும் கடிந்துரைக்கின்றான். மீமானிடக் கதையொன்று தன் மரபின்மேல் தானே தீர்ப்புச் சொல்லும் இடம் அது. ஆயினும் அவ்வேட்டிலிருந்த ஓரிடத்தை நம்பியே குழந்தைகள் அங்கே கூடித் தப்புகின்றனர். ஆகவே தீர்ப்பு ஒருதலையாக முடியவில்லை. இறுதியிலே லோகன் மாள்கின்றான். அவன் கல்லறையில் நட்ட சிலுவையை லோறா பிடுங்கி, சாய்த்து, அவன் கூட்டத்தாரின் அடையாளமாகிய பெருக்கற் குறிபோல் நாட்டிச் செல்கின்றாள். பின்னுரையில்லை, அடுத்த படத்துக்கான முன்னோட்டமும் இல்லை. லோகனின் உருவிலே செய்யப்பட்ட எதிரியும், நீண்டு செல்லும் காட்டுச் சண்டையும் பழைய பாணியின் எச்சங்களே, நீக்கியிருப்பின் நன்று. ஆயினும் தொடங்கியதை முடித்துவைத்த படம் அது.

மார்வெல் தொடரின் குறை முடிவின்மையே. 2018 இல் வந்த "இன்பினிட்டி வோர்" இறுதியில், தானோஸ் என்பான் விரல் நொடித்த மாத்திரத்தே உயிர்களிற் பாதி சாம்பலாகின்றன. இளைஞனாகிய ஸ்பைடர்மன் தன் ஆசானின் கைகளிலே அஞ்சிக் கலங்கிக் கரைகின்றான். நல்ல நடிப்பு, அழுதோர் பலர். ஆனால் அவ்விளைஞனின் அடுத்த படத்துக்குரிய வெளியீட்டு நாள் அதற்கு முன்னரே உலகறிய அறிவிக்கப்பட்டிருந்தது. அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இழவு ஒரு நிலைக்களன். மீட்கப்படும் என்று முன்கூட்டியே தெரிந்த இழவு எத்தகைய இழவு? அரிஸ்தோத்தில் கண்டித்த ஹெராகிளிஸ் காப்பியங்களின் குறை இங்கே பன்மடங்காகின்றது. அங்கே தலைவன் ஒருவன். இங்கோ பலர், பல படங்கள், ஒவ்வொன்றின் இறுதியிலும் அடுத்ததற்கான தூண்டில்.

நடுநிலை பிறழாது கூறின், "எண்ட்கேம்" இக்குறையை ஓரளவு உணர்ந்த படம். இறந்தோர் மீள்கின்றனர், ஆயினும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளிலே டோனி ஸ்ராக்குக்குப் பிறந்த மகளை இழவாமலே அவர்களை மீட்கவேண்டும் என்பது அவன் நிபந்தனை. விலையாக அவன் தன்னுயிரைத் தருகின்றான். தொல்காப்பியர் கூறிய கொடை அது. அக்கணத்தில் மருட்கை பெருமிதமாகின்றது. ஸ்கோசேசியின் பொதுத்தீர்ப்பு அக்காட்சியை அடக்காது. பின்னர் 2024 யூலையில், ஸ்ராக்காக நடித்த அதே ரொபேட் டௌனி ஜூனியர் அதே தொடருக்கு வேறொரு பாத்திரமாக மீளுவார் என்று அறிவிக்கப்பட்டது. பாத்திரம் வேறுதான். மக்கள் முன்னே கொண்டுவரப்பட்ட முகமோ அதுவே.

ஸ்கோசேசி 2019 நவம்பரில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையிலே எழுதிய கட்டுரை முந்திய செவ்வியினும் நிதானமானது. இப்படங்களில் இடரேற்றல் இல்லை, யாவும் முன்னரே சோதித்துச் சரிபார்க்கப்பட்டவை என்பது அவர் வாதங்களுள் ஒன்று. அரங்குகள் யாவற்றையும் இவையே நிரப்புதலால் ஏனைய படங்களுக்கு இடமில்லாது போகின்றது என்பது மற்றொன்று. பின்னையது உண்மையே, ஆயினும் அது வாணிகத்தின்மேற் சாட்டும் குற்றம். அதனைக்கொண்டு எந்த ஒரு படத்தையும் தீதெனக் கூறல் இயலாது. முன்னையதோ திறனாய்வுக்குரிய வாதம். படந்தோறும் தனித்தனியே பொருத்திப் பார்க்கவேண்டியது. பொருத்திப் பார்ப்பின் "லோகன்" தேறும். அத்தொடரின் பல படங்கள் தேறா.

அந்த "லோகன்" படத்துக்கு நேர்ந்த பின்விளைவும் இங்கே கூறவேண்டும். 2024 இல் "டெட்பூல் அன்ட் வுல்வரின்" என்னும் படம் வெளியாயிற்று. முன்னைய படத்தின் இறுதியில் லோறா விட்டுச்சென்ற அதே கல்லறையைத் தோண்டுவதே அதன் தொடக்கக் காட்சி. எடுத்த எலும்புகளையே படைக்கலமாக்கிப் பாட்டுக்கிசைய ஆடியவண்ணம் எதிரிகளைக் கொல்கின்றான் டெட்பூல். தான் செய்வது இன்னதென்று அறிந்தே, காண்போரைப் பார்த்துக் கண்சிமிட்டியே அப்படம் அதனைச் செய்கின்றது. வருவாய் ஏறத்தாழ 130 கோடி டொலர். "லோகன்" ஈட்டியதன் இரு மடங்குக்கு மேல். களிப்பூட்டுங் காட்சியாகவே அதனை மதிப்பிடினும் அதன் நகைச்சுவை கூர்மையானது. ஆட்டமுஞ் சண்டையும் திறம்பட அமைந்தன. ஆனால் 2017 ஆம் ஆண்டுப் படத்தைக் காணாதவனுக்கு அதிலே நகைப்பதற்கு அரைப்பங்கே உண்டு. எஞ்சிய பங்கு, அக்கல்லறையிலே மெய்யாகவே ஒருவன் புதைக்கப்பட்டான் என்று நம்பியவனுக்கே உரியது.