'ஷல்' என்னும் சொல்லும் நம் 'வேண்டு'மும்

1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தின் இரண்டாம் பிரிவு ஒரே நெடிய ஆங்கில வாக்கியம். மாறான வழக்கம் எதுவாயினும், முடிவுக்குரிய விதி ஷரீஅத்தே என்கிறது. ஆனால் வேளாண் நிலத்தை விலக்கி வைத்தது. ஆகவே கொத்தமங்கலம் போன்ற ஊரில் வீட்டுக்கு ஒரு விதி, வயலுக்கு வேறு விதி என நேர இடமிருந்தது. சென்னை மாகாணம் 1949-இல் அவ்விலக்கை நீக்கியது.

அவ்வாக்கியத்தின் உயிர் 'ஷல்' என்னும் துணைவினை. அதனை 'முஸ்லிம்கள் ஷரீஅத்துக்குக் கீழ்ப்படிதல் வேண்டும்' எனத் தமிழில் விளக்குவது பிழை. அச்சொல் கட்டளையிடுவது முஸ்லிமுக்கன்று, தீர்ப்பளிக்கும் நீதிபதிக்கே. அடுத்த பிரிவில் தத்து, உயில் பற்றி வருவதோ 'மே': விரும்புவோர் உறுதிமொழி அளிக்கலாம். நம் 'வேண்டும்' விருப்பம், தேவை, கட்டளை மூன்றையும் ஒருங்கே சுமப்பதால் இவ்வேறுபாடு மங்கிவிடுகிறது. 'கீழ்ப்படிதல்' என்பதிலோ ஏவலாளின் சாயல். சட்ட ஆங்கிலம் பெரிதும் நாடுவது இணங்குதலையும் உட்படுதலையும் குறிக்கும் சொற்களையே.

ஆங்கிலமும் ஐயமற்றதன்று. அரசியல் சட்டத்தின் 320-ஆம் உறுப்பிலுள்ள 'ஷல்', மீறினால் நடவடிக்கையே செல்லாததாகும் அளவுக்குக் கட்டாயமன்று என்று மன்போதன் லால் வழக்கில் (1957) உச்ச நீதிமன்றம் கொண்டது. உஸூல் அறிஞர்களுக்கு இது பழைய வினா. கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் வசனத்தைப் (2:282) பெரும்பாலோர் பரிந்துரையாகவே கொண்டனர். இஹ்ராம் களைந்தபின் வேட்டையாடுங்கள் என்பது (5:2) வெறும் அனுமதி. வினைவடிவம் ஒன்றே, அதன் வலிமையை இடமே காட்டுகிறது. நம் சட்ட மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியோடு உஸூலையும் புரட்டியிருக்கலாம்.